கட்டில் மட்கியது, அதன் வடிவம் மட்கவில்லை

1932இல் கிரீஸின் கிரீட் தீவின் வடகரையில், அம்னிசோஸ் என்ற இடத்தில் தோண்டிக்கொண்டிருந்த கிரேக்கத் தொல்லியலாளர் ஸ்பிரிடன் மரினாட்டோஸுக்கு நுரைக்கல் கிடைத்தது. அது எரிமலை கக்கும் கல். கிரீட்டில் எரிமலை கிடையாது. வடக்கே 100 கிலோமீட்டருக்கு அப்பால், தேரா (சாந்தோரினி) தீவில்தான் இருக்கிறது. அந்த எரிமலை வெடித்ததால்தான் கிரீட்டின் வெண்கலக் கால மினோவன் நாகரிகம் சாய்ந்தது என்று 1939இல் அவர் எழுதினார். ஆய்விதழ் ஆசிரியர்களோ, இதை நிறுவ இன்னும் அகழாய்வு தேவை என்று ஒரு குறிப்பைச் சேர்த்தே அதை அச்சிட்டார்கள்.

அந்த அகழாய்வு தொடங்க 1967 ஆனது. அதே ஆண்டில் ராணுவம் கிரீஸின் ஆட்சியைப் பிடித்தது. அந்த ஆட்சியில் மரினாட்டோஸ் மூன்றாம் முறையாகத் தொல்பொருள் துறையின் தலைவரானார். அவருடைய வாழ்க்கையில் இந்தப் பகுதியை நழுவவிட்டுப் பேசுவது நியாயமாகாது.

தேராவின் அக்ரோதிரியில் சாம்பலுக்கடியில் ஓர் ஊரே இருந்தது. இரண்டு, மூன்று மாடி வீடுகள், சுவரோவியங்கள், தானியச் சாடிகள். மரச்சாமான்கள் மட்டும் இல்லை. மாவுபோல் நுண்ணிய சாம்பல் வீட்டுக்குள் புகுந்து, கட்டிலைச் சுற்றி இறுகிப்போயிருந்தது. பிறகு மரம் மெல்ல மட்கியது, சாம்பல் அசையவில்லை. கட்டில் கிடந்த இடத்தில் கட்டில் வடிவத்தில் ஒரு வெற்றிடம்.

தோண்டும்போது சாம்பலில் சிறு ஓட்டை தெரிந்தால் கையை அங்கேயே நிறுத்த வேண்டும். இன்னும் நான்கு கொத்து கொத்தினால் கட்டில் தூளாகிவிடும், அதுவும் இல்லாத கட்டில்! ஓட்டை வழியே சாந்தைக் கரைத்து ஊற்றி, இறுகிய பின் சாம்பலை நீக்கினால், காலும் சட்டமுமாகக் கட்டில் வெளியே வரும். மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டுச் சிலை வார்ப்பதுபோலத்தான். இங்கே மெழுகின் வேலையை மரம் செய்திருக்கிறது. எரிமலைச் சாம்பலில் புதைந்த ரோமானிய நகரமான பாம்பேயில், தொல்லியலாளர் ஃபியோரெல்லி 1863இலேயே இப்படி மனித உடல்களை வார்த்திருந்தார். அக்ரோதிரியில் உடல்கள் கிடைக்கவில்லை. மக்கள் முன்பே ஊரைக் காலி செய்திருக்க வேண்டும்.

மரினாட்டோஸின் கருத்து நிற்கவில்லை. தேரா வெடித்த பிறகு செய்யப்பட்ட பானை வகைகள் கிரீட்டில் கிடைக்கின்றன. அரண்மனைகள் எரிந்தது அதற்கும் வெகுகாலம் கழித்து. 1974 அக்டோபர் 1 அன்று அந்த அகழாய்வுத் தளத்திலேயே அவர் இறந்தார், அங்கேயே புதைக்கப்பட்டார். தோண்டும் வேலையைக் கிறிஸ்டோஸ் டூமாஸ் ஏற்றுக்கொண்டார்.