மாறற்றிறன்

கொழும்பில் தமிழ்மொழி மூலம் உயர்தரக் கணிதம் படித்தவர்களுக்கு இது பழகிய சொல். மாறல் + திறன் = மாறற்றிறன். பல்கலைக்கழகம் போனதும் பாடம் ஆங்கிலத்துக்கு மாற, சொல்லும் ‘வேரியன்ஸ்’ ஆகிவிடும். அந்தச் சொல்லைப் புள்ளிவிபரவியலுக்குள் கொண்டுவந்தவர் பிரித்தானியப் புள்ளிவிபரவியலாளர் ரொனால்ட் ஃபிஷர். உறவினரிடையே இயல்புகள் ஒத்துப்போவதை மெண்டலின் பரம்பரை விதிகளால் விளக்கிய 1918ஆம் ஆண்டுக் கட்டுரையில். தரவுகள் சராசரியிலிருந்து எவ்வளவு பரவியிருக்கின்றன என்பதை அளக்கும் நியம விலகல் அப்போதே புழக்கத்தில் இருந்தது. ஆனால் ஒன்றையொன்று சாராத இரு காரணங்களின் நியம விலகல்களைக் கூட்ட முடியாது. அவற்றின் வர்க்கங்களைக் கூட்டலாம். அந்த வர்க்கத்துக்குத்தான் பெயர் தேவைப்பட்டது.

தமிழ்நாட்டுப் பாடநூல்கள் ‘விலக்க வர்க்கச் சராசரி’ என்கின்றன. கணிக்கும் முறையே பெயரில் இருக்கிறது, நல்லதுதான். ஆனால் வரைபட அச்சில் எழுத இடம் போதாது. மாறற்றிறனே கைக்கு வசதி, அதில் ‘திறன்’ ஆற்றலைக் குறிக்கவில்லை என்பதை நினைவில் வைத்தால்.

குழுக்களுக்கிடையேயான வேறுபாட்டையும் குழுவுக்குள் உள்ள வேறுபாட்டையும் பிரித்துப் பார்க்கும் கலப்பு விளைவு மாதிரியுருவில் மாறற்றிறன் இரண்டாகப் பிரியும். வெள்ளவத்தை முதல் கொட்டாஞ்சேனை வரை பல பாடசாலைகளின் கணிதப் புள்ளிகளை எடுத்தோம் என்று வைப்போம். பாடசாலைகளுக்கிடையே நியம விலகல் 6, ஒரே பாடசாலை மாணவருக்கிடையே 8. மொத்தம் 14 அல்ல. 36 + 64 = 100, அதன் வர்க்கமூலம் 10. பாடசாலையின் பங்கு 36 சதவீதம். ஆகவே பங்கைக் காட்டும் அடுக்குப் பட்டையை மாறற்றிறனில் வரையுங்கள். பரவலைக் காட்டும் கோட்டை நியம விலகலில் வரையுங்கள், அதன் அலகுதான் பரீட்சைப் புள்ளி.

ஆர் என்ற புள்ளிவிபர மென்பொருளில் இத்தகைய மாதிரியுருக்களைக் கணிக்கும் எல்எம்ஈ4 பொதி மாறற்றிறன், நியம விலகல் இரண்டையும் பக்கத்துப் பக்கத்து நிரல்களில் தரும். நியம விலகல் நிரலை நியம வழுவென்று, அதாவது மதிப்பீடு எவ்வளவு நிச்சயமற்றது என்பதைச் சொல்லும் அளவென்று வாசிப்பவர்கள் ஏராளம். அது முதல் நிரலின் வர்க்கமூலம் மட்டுமே.

இன்னொரு பொறி, ஒவ்வொரு பாடசாலையும் சராசரியிலிருந்து எவ்வளவு விலகுகிறது என்ற மதிப்பீட்டை ஒரு குற்றாக இட்டு ஏறுவரிசையில் அடுக்கும் கம்பளிப்பூச்சி வரைபடம். மாணவர் குறைந்த பாடசாலைகளின் மதிப்பீடு சராசரியை நோக்கி அதிகம் இழுபடும். அதனால் அந்தக் குற்றுகளின் பரவல் மாதிரியுரு சொல்லும் 6ஐவிடப் பெரும்பாலும் சுருங்கியிருக்கும். அவற்றிலிருந்து மாறற்றிறனைக் கணிக்கக் கூடாது. நாலைந்து பாடசாலைகள் மட்டும் இருந்தால் பாடசாலை மாறற்றிறனின் மதிப்பீடு பூச்சியத்திலேயே ஒட்டிக்கொள்ளலாம், குற்றுகள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்கும். பாடசாலைகளுக்கிடையே வேறுபாடே இல்லை என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டாம். அதை அளக்கத் தரவு போதவில்லை என்பதாகவும் இருக்கலாம்.