வேரின் கடைசி 3 மில்லிமீட்டர்

ரூட் கேனால் செய்து கேப் போட்ட பல். சில ஆண்டு கழித்து அதன் ஈறில் சின்னக் கொப்புளம் வருகிறது. உடைந்து சீழ் வடிகிறது, அடங்குகிறது, மறுபடி கிளம்புகிறது. வலி இல்லாததால் உப்புத் தண்ணீரில் கொப்பளித்துவிட்டுப் பலர் சும்மா இருந்துவிடுகிறார்கள். உள்ளே வேர்நுனியைச் சுற்றி எலும்பு கரைந்துகொண்டிருக்கும். இப்படிப்பட்ட பல்லைக் காப்பாற்றச் செய்யும் வேர்நுனி அறுவையைப் பற்றியது இது.

வேரின் நடுக்குழாய், நுனியை நெருங்கும்போது கண்மாய் மடையிலிருந்து பிரியும் வாய்க்கால்களைப்போலக் கிளை விடுகிறது. இந்தக் கிளைகளில் பெரும்பாலானவை கடைசி 3 மி.மீ. நீளத்தில்தான் இருக்கின்றன. குழாயைச் சுரண்டும் மெல்லிய ஊசியான ஃபைல் உள்ளே போகாத, மருந்தும் சரியாகச் சேராத அந்த மூலைகளில் கிருமி தங்கிவிடும்.

முதலில் யோசிக்க வேண்டியது, பழைய அடைப்பை எடுத்துவிட்டு ரூட் கேனாலைத் திரும்பச் செய்வது. அதுவும் பலிக்காதபோது, அல்லது உள்ளே ஃபைல் உடைந்து நிற்கும்போது, கேப்புக்குள் இருக்கும் போஸ்ட் என்ற தாங்கு கம்பியைப் பிடுங்கினால் வேரே பிளக்கும் என்னும்போது வேர்நுனி அறுவை. வேர் நெடுக்காக விரிசல் விட்டிருந்தால் இதுவும் வீண். பல்லை எடுப்பதுதான் வழி.

மரப்பு ஊசியில் அட்ரினலின் கலந்திருக்கும். மரத்துப்போக மட்டுமல்ல, ரத்தக் கசிவு குறையவும் அது தேவை. ஈறைக் கீறி ஒதுக்கி, எலும்பில் 4 மி.மீ. அளவில் ஜன்னல் திறந்து, கெட்ட சதையைச் சுரண்டி எடுத்து பயாப்சிக்கு அனுப்புவார்கள். பிறகு நுனியில் 3 மி.மீ. நேர்குறுக்காக வெட்டப்படும். முன்பு 45 டிகிரி சாய்த்து வெட்டினார்கள். மருத்துவருக்குப் பார்க்க வசதிதான், ஆனால் பல்லின் நுண்குழல்கள் நிறையத் திறந்து கசிவு கூடியது, உள்பக்கக் குழாய் வெட்டுக்குத் தப்பியும் போனது.

வெட்டுவதை மட்டும் கேட்டுவிட்டு வராதீர்கள், அடைப்பதைப் பற்றிக் கேளுங்கள். வெட்டிய முகத்தில் மெத்திலீன் நீலம் என்ற சாயம் தடவி, மைக்ராஸ்கோப்பில் விரிசலும் விட்டுப்போன குழாயும் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரண்டு குழாய்களை இணைக்கும் மெல்லிய பிளவைத் தவறவிடுவதுதான் கடைவாய்ப்பல்லில் அடிக்கடி தோற்கும் இடம். பின் அதிர்ந்து குடையும் அல்ட்ராசானிக் முனையால் வேருக்குள் 3 மி.மீ. ஆழம் குடைந்து எம்டிஏ என்ற சிமென்ட்டை வைத்து அடைப்பார்கள். 1993 முதல் ஆய்விதழ்களில் பேசப்படும் இந்தப் பொருள் ஈரத்திலும் இறுகும். முன்பு வைத்த அமால்கம் என்ற உலோகக் கலவை கசியும், ஈறையும் கறுக்கவைக்கும்.

தையல் மூன்று முதல் ஏழு நாளுக்குள் பிரிக்கப்படும். வீக்கம் இரண்டாம், மூன்றாம் நாளில்தான் உச்சம். முதல் நாளில் இடைவெளி விட்டு ஐஸ் ஒத்தடம் கொடுக்கலாம். தையலைப் பார்க்க உதட்டைத் தூக்கினால் அது பிரிந்துவிடும். பீடி, வெற்றிலை ஆறும்வரை வேண்டாம். ரத்தம் உறையாமலிருக்க ஆஸ்பிரின், குளோபிடோகிரெல் சாப்பிடுபவர்கள் தாங்களாக நிறுத்தக் கூடாது. இதய மருத்துவரைக் கேட்க வேண்டும்.

மேல் கடைவாய்ப்பல்லின் வேர் மேல்தாடைக் காற்றறையான சைனஸை ஒட்டியே இருக்கும். அறுவையில் அது திறந்துவிட்டால் மூக்கைச் சிந்தக் கூடாது, தும்மலை வாய் திறந்தே விட வேண்டும். பாம்பன் பக்கம் கடல்பாசி எடுப்பவர்களும் கீழக்கரைச் சங்கு குளிப்பவர்களும் தங்கள் தொழிலை மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுவது நல்லது. 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் தரையில் இருப்பதைப்போல இருமடங்கு. ஆறாத சைனஸ் அதைத் தாங்காது. அவர் சரியென்று சொல்லும்வரை மூழ்கக் கூடாது. விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான தடைக்காலம் தோதானது. வீக்கம் வடியவும் தையல் பிரிக்கவும் கரையிலேயே இருக்கலாம்.

கொப்புளம் மறைந்துவிட்டதென்று எக்ஸ்ரேயைத் தவிர்க்க வேண்டாம். ஆறு மாதம், ஒரு வருடம் கழித்து எடுக்கும் படங்களில்தான் கரைந்த எலும்பு நிரம்புகிறதா என்பது தெரியும்.