பெயர் மாற்றிய பின் சூடோ ஏன் தாமதிக்கிறது?

அல்சூரிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எஸ்.பி. ரோட்டில் பழைய லேப்டாப் ஒன்று வாங்கி டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளத்தைப் போட்டாராம். ஹோஸ்ட்நேம், அதாவது கணினியின் பெயர், கேட்டபோது அங்கே இருந்த 'டெபியன்' என்பதையே விட்டுவிட்டார். டொமைன் நேம், அதாவது கணினி இருக்கும் நெட்வொர்க்கின் பெயர், கேட்டதற்கு என்ன தருவதென்று தெரியாமல் காலியாக விட்டார். பிறகு கணினியின் பெயரை ஆங்கில எழுத்தில் 'பொன்னி' என்று மாற்றினார். அன்றிலிருந்து, நிர்வாகி அதிகாரத்தோடு வேலை செய்ய உதவும் சூடோ கட்டளையைக் கொடுத்தால் சில நொடி அப்படியே நிற்கிறது. பொன்னி என்ற ஹோஸ்ட்டைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று சொல்லிவிட்டுத்தான் வேலையைச் செய்கிறது. மறுபடி இன்ஸ்டால் செய்யும்படி நண்பர் சொன்னாராம்.

வேண்டாம். எதற்கெடுத்தாலும் மறுபடி இன்ஸ்டால் செய்வது நம் ஊர்க் கணினி உலகின் மூடநம்பிக்கை. இங்கே ஒரே ஒரு வரியைத் திருத்தினால் போதும்.

கணினியின் அமைப்புகள் இருக்கும் எட்சி கோப்புறையில் ஹோஸ்ட்நேம் என்றொரு ஃபைல் இருக்கிறது. பூட் ஆகும்போது அதிலுள்ள பெயர், இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குப் போகும். 64 எழுத்துக்குள் ஒரு பெயர், அவ்வளவுதான். அந்தப் பெயருக்கு என்ன ஐபி முகவரி (நெட்வொர்க்கில் கணினியைக் குறிக்கும் எண்) என்பது கர்னலுக்குத் தெரியாது. அதைத் தேடுவது, பெரும்பாலான நிரல்கள் பொதுவாகப் பயன்படுத்தும் சி லைப்ரரியின் வேலை. முதலில் அதே கோப்புறையில் உள்ள ஹோஸ்ட்ஸ் ஃபைலைப் பார்க்கும். அங்கே இல்லையென்றால், பெயருக்கு முகவரி சொல்லும் டிஎன்எஸ் சர்வரைக் கேட்கும். பதிலே வராவிட்டால் வழக்கமாக 5 நொடி காத்திருந்து மறுபடி கேட்கும். யாருக்கு என்ன அனுமதி என்ற சூடோ விதிகளைக் கணினிவாரியாக எழுத முடியும் என்பதால், தான் எந்தக் கணினியில் ஓடுகிறோம் என்று சூடோ விசாரிக்கிறது. வாசகர் ஒரு ஃபைலில் மட்டும் பெயரை மாற்றியிருக்கிறார். இன்னொன்றான ஹோஸ்ட்ஸ் ஃபைலில் பழைய பெயரே கிடக்கிறது.

ஹோஸ்ட்ஸ் ஃபைலைத் திறந்தால் 127.0.1.1 என்று தொடங்கும் ஒரு வரி தெரியும். அதில் 'டெபியன்' என்பதைப் 'பொன்னி' என்று திருத்தினால் போதும். எனக்கு மிகவும் பிடித்த வரி இது. லோக்கல்ஹோஸ்ட் என்றால் 127.0.0.1 என்றுதான் எல்லோரும் படித்திருப்போம். ஆனால் 127 என்று தொடங்கும் 1 கோடியே 67 லட்சத்துக்கும் மேற்பட்ட முகவரிகளும் சொந்தக் கணினியையே குறிக்கும். லேப்டாப்புக்கு நிலையான ஐபி கிடையாது என்பதால், டெபியன் அவற்றில் ஒன்றை எடுத்துக் கணினியின் பெயருக்குக் கொடுக்கிறது. லோக்கல்ஹோஸ்ட் வரியிலேயே பொன்னியையும் சேர்த்துவிட்டால் என்ன? ஒரு வரியில் முதலில் வரும் பெயர்தான் முழுப்பெயராக எடுத்துக்கொள்ளப்படும். பொன்னியின் முழுப்பெயரைக் கேட்டால் லோக்கல்ஹோஸ்ட் என்று பதில் வரும். சில மென்பொருள்கள் குழம்பிப்போகும். அதனால்தான் தனி வரி. நிறுவும்போது தரும் டொமைன் நேமும் இந்த வரியில்தான் வந்து உட்காரும்: முதலில் டொமைனோடு சேர்ந்த முழுப்பெயர், பிறகு வெறும் பொன்னி. வரிசை மாறக்கூடாது.

ஒரு காலத்தில் இன்டர்நெட்டின் முன்னோடியான அர்பாநெட் முழுவதற்கும் இப்படி ஒரே ஒரு ஹோஸ்ட்ஸ் ஃபைல்தான் இருந்தது. கணினிகள் பெருகவே, 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் டிஎன்எஸ்ஸை வடிவமைத்தார். அது அரசுப் பணத்தில் நடந்த ஆராய்ச்சி. இங்கேயும் 1986-ல் தொடங்கிய எர்நெட் என்ற கல்வி, ஆராய்ச்சி நெட்வொர்க்கில் நம் பெங்களூரு ஐஐஎஸ்சி பங்கெடுத்தது. இத்தகைய அடிப்படை வேலைகளுக்கு அரசு இன்னும் தாராளமாகச் செலவழிக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

சரி, டொமைன் கேட்டால் என்ன தருவது? வீட்டுக் கணினிக்குக் காலியாக விட்டாலே போதும். 'லோக்கல்' என்று மட்டும் போடாதீர்கள். அது, சர்வர் இல்லாமலே அருகிலுள்ள கருவிகள் ஒன்றையொன்று கண்டுபிடிக்கும் மல்ட்டிகாஸ்ட் டிஎன்எஸ்ஸுக்கு ஒதுக்கப்பட்டது. ஏதாவது வேண்டுமென்றால், வீட்டு நெட்வொர்க்குக்கென்றே 2018-ல் ஒதுக்கிய 'ஹோம் டாட் அர்பா' இருக்கிறது.