பவர் ஏஜென்ட், நாமினி, எக்ஸிக்யூட்டர்: யாருக்கு எதுவரை அதிகாரம்?

“அப்பா என் பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்திருக்கிறார். அவருக்குப் பிறகு அதை வைத்தே இடத்தை விற்கலாம்தானே?” பத்திரம் எழுத வருகிறவர்கள் அடிக்கடி கேட்பது இது. விற்க முடியாது. எழுதிக் கொடுத்தவர் இறந்தால் முகவரின் (அதாவது பவர் ஏஜென்டின்) அதிகாரமும் முடிந்தது என்கிறது இந்திய ஒப்பந்தச் சட்டம், 1872-இன் 201ஆம் பிரிவு. அந்தச் சொத்தில் முகவருக்கே உரிமை இருந்து, அதைக் காக்க எழுதிய பவர் மட்டும் விலக்கு. பவர் ஏஜென்ட் கிரயம் செய்ய வந்தால் சார்பதிவகத்தில் உயிர்வாழ் சான்று கேட்பது இதனால்தான்.

இறந்தபின் வேலையைத் தொடங்குகிறவர் எக்ஸிக்யூட்டர். உயிலில் சொன்னதை நிறைவேற்ற, அதிலேயே பெயர் எழுதி நியமிக்கப்பட்டவர். உயிலில் யாரையும் நியமிக்காமலோ, உயிலே இல்லாமலோ போய், நீதிமன்றம் ஒருவரை நியமித்தால் அவர் அட்மினிஸ்ட்ரேட்டர். ஆக, அப்பா இருக்கும்வரை பவர், அப்புறம் உயில். ஒன்று இருப்பதால் மற்றது வேண்டாம் என்று விட்டுவிடாதீர்கள்.

பவரின் முழுப்பெயர் ‘பவர் ஆஃப் அட்டர்னி’. அதில் ‘அட்டர்னி’ என்றதும் வக்கீல் நினைவுக்கு வந்தால் அது அமெரிக்கப் பழக்கம். நம் ஊரில் வக்கீலுக்கு அட்வகேட் என்றுதான் போடுவோம் (மத்திய அரசின் அட்டர்னி ஜெனரல் பதவிப் பெயர் வேறு கதை). பவர் வாங்கியவர் எல்.கே.ஜி.கூடப் படித்திருக்க வேண்டியதில்லை. அவர் கையெழுத்துப் போடும் இடத்தில்தான் கவனம் தேவை. கிரயப் பத்திரத்தில் வெறுமனே தன் பெயரை மட்டும் போட்டால் சொத்தே அவருடையது போலத் தோன்றும். ‘இன்னாருக்காக, அவருடைய பவர் ஏஜென்ட் இன்னார்’ என்று எழுதி, பவர் பத்திரத்தின் எண்ணையும் ஆண்டையும் பத்திரத்தில் காட்ட வேண்டும்.

அதிகம் குழப்புவது நாமினி. வங்கி டெபாசிட்டில் நாமினி பணத்தை வாங்கும் கை மட்டுமே. பங்கு கேட்கும் உரிமை வாரிசுகளுக்கு உண்டு. கம்பெனிப் பங்குகளிலும் (ஷேர்) இதே நிலைதான் என்று 2023 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆயுள் காப்பீட்டில் கதை மாறுகிறது. 2015 திருத்தத்துக்குப் பின், பெற்றோர், கணவன் அல்லது மனைவி, பிள்ளைகள் நாமினியாக இருந்தால் பணம் அவர்களுக்கே சொந்தம் என்கிறது சட்டம். அண்ணனையோ மைத்துனரையோ போட்டிருந்தால் இந்தச் சலுகை கிடையாது.

பாலிசி படிவத்தில் நாமினி 18 வயது நிரம்பாதவர் என்றால் பக்கத்தில் ‘அப்பாயின்டி’ என்று ஒரு கட்டம் இருக்கும். குழந்தை மேஜர் ஆகும்வரை அந்தத் தொகையை வாங்கிக்கொள்பவர் அவர். பலர் அதைக் கார்டியன் என்று நினைத்துக்கொள்கிறார்கள். கார்டியனின் பொறுப்பு குழந்தையையும் அதன் சொத்தையும் பார்த்துக்கொள்வது. அதிலும் இந்து மைனர் பெயரில் உள்ள நிலத்தை, தகப்பனே ஆனாலும், நீதிமன்ற அனுமதி இல்லாமல் விற்றால் பிள்ளை பிற்பாடு அந்தக் கிரயத்தை ரத்து செய்யக் கேட்கலாம்.

பங்குதாரர் தனக்குப் பதிலாகக் கம்பெனிக் கூட்டத்துக்கு அனுப்பும் ஆளான பிராக்ஸிக்கு வாயே கிடையாது. பேச முடியாது, கைதூக்கி ஓட்டுப் போட முடியாது. ‘போல்’ (கைதூக்காமல், பங்குகளின் எண்ணிக்கைப்படி நடக்கும் வாக்கெடுப்பு) நடந்தால் மட்டும் ஓட்டு. பிராக்ஸியை நியமிக்கும் படிவம் கூட்டத்துக்கு 48 மணி நேரம் முன்பே போய்ச் சேர வேண்டும். பங்குதாரர் ஒரு கம்பெனி என்றால் பிராக்ஸிக்குப் பதில் போர்டு தீர்மானம் போட்டு ஆத்தரைஸ்டு ரெப்ரசென்டேட்டிவ் ஒருவரை அனுப்பலாம், அவர் பேசலாம்.