பின்வீட்டுக்குப் போக இரண்டு கிலோமீட்டர்

மதுரை மாசி வீதியில் ஊர்வலம் வந்து வழி அடைத்தால் உள்ளூர்க்காரர் யாரும் பதறுவதில்லை. ஆவணி மூல வீதிக்குள் நுழைந்து, ஏதோ ஒரு சந்து வழியாக வெளியே வந்துவிடுவார். நத்தம் சாலையிலும் அழகர்கோவில் சாலையிலும் கிளைக்கும் புது மனைப்பிரிவுகள் பலவற்றில் அது நடக்காது. உள்ளே போனால், போன வழியாகவே திரும்ப வேண்டும்.

மனைப்பிரிவு வரைபடம் போடுவது என் தொழில். "எத்தனை மனை தேறும்?" என்றுதான் முதலில் கேட்பார்கள். பக்கத்து நிலத்தோடு தெரு சேருமா என்று கேட்பவர் அபூர்வம். 2011இல் மதுரை மாநகராட்சி சுமார் 52 சதுர கிலோமீட்டரிலிருந்து 148க்கு விரிந்தது. ஆனால் வெளிவட்டத்தில் நிலம் மனையாவது இன்றும் துண்டு துண்டாகத்தான். ஒருவர் வாங்கிய சர்வே எண்கள் எங்கே முடிகின்றனவோ அங்கே தெருவும் முடியும். நடுவில் கண்மாய் வாய்க்கால் ஓடினால் சிறுபாலம் கட்டுவது யார் செலவு என்ற கேள்வி வரும். அதோடு பேச்சு நின்றுவிடும். மனை போட்டு விற்கும் புரமோட்டர்கள் சிலர் தெருமுனையில் ஓரடி நிலத்தைத் தங்கள் பெயரில் வைத்துக்கொள்வதும் உண்டு. பக்கத்து நிலக்காரர் வழி கேட்டு வந்தால் பேரம் பேசத்தான்!

இதனால் முந்நூறு மீட்டரில் இருக்கும் பள்ளிக்குக்கூடப் பிள்ளைகள் மெயின் ரோட்டுக்கு வந்து சுற்றிப் போகிறார்கள். சைக்கிளில் அனுப்பப் பயந்து ஸ்கூட்டர் எடுக்கிறோம். எல்லா வண்டியும் ஒரே சாலையில் கொட்டுகிறது. அப்புறம் அந்தச் சாலையை அகலப்படுத்தச் சொல்லி மனு கொடுக்கிறோம். முட்டுச்சந்தில் குப்பை வண்டி பின்பக்கமாகவே வர வேண்டும். குடிநீர்க் குழாயும் தெருவோடு முடிவதால் கடைசி வீட்டில் அழுத்தம் குறையும், வண்டல் தங்கும்.

ஐ.நா.வின் யூஎன்-ஹேபிடட் அமைப்பு சதுர கிலோமீட்டருக்கு 80 முதல் 100 தெருச்சந்திப்புகள் வேண்டும் என்கிறது. நம் மனைப்பிரிவுகளில் சந்திப்புகள் இருக்கும். அவை காம்பவுண்டைத் தாண்டாது.

மனை வாங்குபவர்கள் டி.டி.சி.பி. (நகர் ஊரமைப்பு இயக்ககம்) ஒப்புதல் எண்ணோடு நின்றுவிட வேண்டாம். வரைபடத்தில் தெரு நிலத்தின் எல்லைக் கோடு வரை போகிறதா, ஓரடி முன்பே நிற்கிறதா என்று பாருங்கள். சுற்றியுள்ள நிலங்களின் எஃப்.எம்.பி. (சர்வே எண் வாரியான நில அளவை) வரைபடத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள். தெருக்களை உள்ளாட்சிக்குத் தானப் பத்திரம் எழுதிப் பதிந்த நகலைக் கேளுங்கள். அப்படிப் பதிந்த தெரு பொதுவழி. பாதுகாப்பு என்று சொல்லி அதன் முனையில் குடியிருப்போர் சங்கம் சுவர் எழுப்பினாலும் உள்ளாட்சியில் எழுத்துமூலம் புகார் கொடுக்கலாம். தானப் பத்திர நகலையும் இணைத்துக் கொடுங்கள்.