தண்டவாளத்து ஜல்லியில் நிற்பது கரிசலாங்கண்ணி இல்லை

போன வாரம் ஓர் அம்மா ஒரு துணிப்பையை என் மேசைமேல் கவிழ்த்தார். மகனுக்கு மஞ்சள் காமாலை. "பத்து நாளா கரிசலாங்கண்ணிச் சாறு குடுக்கிறேன் டாக்டர், கண்ணு மஞ்சள் இறங்கவே இல்லை" என்றார். பைக்குள் இருந்தது முழுக்க வெட்டுக்காயப் பூண்டு, அதாவது தாத்தாப்பூச் செடி. எங்கே பறித்தீர்கள் என்று கேட்டேன். ரயில்வே கேட் பக்கத்தில், தண்டவாளத்து ஓரமாம். இந்த வருடத்தில் என்னிடம் இப்படி வந்த ஐந்தாவது பை இது.

செடியைப் பார்க்கும் முன்பே இடத்தைப் பாருங்கள். கரிசலாங்கண்ணிக்கு ஈரம் வேண்டும். வயல் வரப்பின் கீழ்ப்பக்கம், வாய்க்கால் ஓரம், குழாயடிச் சேறு, இங்கெல்லாம்தான் அது செழிக்கும். வெட்டுக்காயப் பூண்டு அப்படியில்லை. காய்ந்த மண், ஜல்லி, மொட்டை மாடி விரிசல், தண்ணீர் காணாத புல்தரை என வெயில் விழும் எந்த இடத்திலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் வரப்பின் மேட்டில் இரண்டும் சில அடி இடைவெளியில் நிற்பதுண்டு. அதனால் இடத்தை மட்டும் வைத்து முடிவு செய்துவிடாதீர்கள்.

அடுத்து பூ. சின்ன வயதில் நீளக் காம்போடு பறித்து, கட்டைவிரலால் தலையைச் சுண்டிவிட்டு விளையாடினோமே, அந்தத் தாத்தாப்பூதான் வெட்டுக்காயப் பூண்டு. ஒரு சாண் நீளம்கூட வரும் வெறுங்காம்பு, அதன் நுனியில் ஒற்றைப் பூ. நடுவில் மஞ்சள், சுற்றிலும் வெளிறிய இதழ்கள், பெரும்பாலும் ஐந்து. ஒவ்வோர் இதழின் நுனியிலும் மூன்று பற்கள். முற்றினால் பஞ்சு விரிந்து விதை காற்றில் பறக்கும். கரிசலாங்கண்ணிப் பூவோ சட்டைப் பொத்தான் அளவுதான். குட்டையான காம்பில், இலைக்கக்கத்தில் இருக்கும். வெள்ளை இதழ்கள் நூல் நூலாக நிறைய இருக்கும். முற்றினாலும் பஞ்சு வராது. இலையும் வேறு. கரிசலாங்கண்ணிக்கு ஈட்டி போல நீண்ட இலை, ஓரத்தில் பல் அதிகம் தெரியாது. வெட்டுக்காயப் பூண்டுக்கு அகலமான இலை, ஓரம் ஆழமாகப் பல் பல்லாக வெட்டியிருக்கும்.

"கசக்கினேன், கை கறுத்தது, அப்போ கரிசலாங்கண்ணிதானே?" என்கிறார்கள். கரிசலாங்கண்ணிச் சாறு கறுக்கும், உண்மைதான். ஆனால் எத்தனையோ பச்சிலைச் சாறுகள் காற்றுப் பட்டால் நிறம் மாறும். பூவைப் பார்த்த பிறகு கசக்குங்கள்.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது வேறொரு பேச்சு. "எங்க பாட்டி காலத்துலேர்ந்து இருக்கு, நம்ம நாட்டு மூலிகைதான், ஒண்ணும் செய்யாது." வெட்டுக்காயப் பூண்டு மெக்சிகோ, மத்திய அமெரிக்கப் பக்கத்துச் செடி. அங்கிருந்து வந்து இங்கே பரவிய களை. பாட்டி காலத்தில் இருந்தது என்பதால் ஒரு செடி இந்த மண்ணுடையது ஆகிவிடாது. இந்த மண்ணுடையது என்பதால் குடிக்கத் தக்கதும் ஆகிவிடாது. எருக்கும் அரளியும் பாட்டி காலத்தில் இருந்தவைதான். அவற்றை யாராவது அரைத்துக் குடிப்பார்களா? வந்த செடியென்றாலே விஷம் என்று நான் சொல்லவில்லை. ஒரு செடிக்குச் சொன்ன மருத்துவ குணத்தை, ஓரளவு அதுபோல் தெரிகிறது என்பதற்காக இன்னொரு செடியில் எதிர்பார்க்காதீர்கள் என்கிறேன்.

மஞ்சள் கரிசலாங்கண்ணியிலும் இதே குழப்பம் உண்டு. அழகுக்காகப் பூங்காக்களில் படர விடும், மூன்று மடலாகப் பிரிந்த பளபளப்பு இலையும் மஞ்சள் பூவும் கொண்ட கொடி மஞ்சள் கரிசலாங்கண்ணி இல்லை. அந்தக் கொடியும் வெப்பமண்டல அமெரிக்காவிலிருந்து வந்தது. உலகின் மோசமான 100 ஊடுருவல் இனங்களின் பட்டியலில் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? சாலையோரமும் ரயில்பாதையும் வேண்டவே வேண்டாம். களைக்கொல்லி, எண்ணெய், நாய் மூத்திரம் எல்லாம் அங்கேதான் விழுகிறது. வெட்டுக்காயத்தில் தெருவோர இலையைக் கசக்கி வைக்காதீர்கள். சோப்புப் போட்டுக் கழுவுங்கள், டெட்டனஸ் ஊசி எப்போது போட்டது என்று பாருங்கள். கண் மஞ்சளானால் முதலில் ரத்தப் பரிசோதனை. காமாலை பல காரணங்களால் வரும், சிலவற்றில் ஒவ்வொரு நாளும் முக்கியம். அந்தப் பையனையும் அன்றைக்கே அனுப்பினேன். பத்து நாள் முன்னதாக வந்திருக்கலாமே அம்மா என்றுதான் சொல்ல முடிந்தது.

சந்தேகமிருந்தால் செடியைக் கொண்டுவாருங்கள், தயவுசெய்து. வேர், இலை, பூ எல்லாம் சேர்ந்த முழுச் செடியாக, ஈரச் செய்தித்தாளில் சுற்றி. அரைத்த விழுதைப் பார்த்து என்ன செடி என்று என்னால் சொல்ல முடியாது.