சர்வைலன்ஸ்: கண்காணிப்பா, வேவா?

‘சர்வைலன்ஸ்’ பிரெஞ்சிலிருந்து வந்த சொல். ‘சூர்’ என்றால் மேலே, ‘வெய்யே’ என்றால் விழித்திருத்தல். தூங்காமல் மேலிருந்து பார்த்துக்கொண்டே இருப்பது. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1793 மார்ச்சில், இதே பெயரில் ஊர்தோறும் குழுக்கள் அமைத்தார்கள். வெளியாட்கள் மேல் ஒரு கண் வைப்பதுதான் முதலில் அவற்றின் வேலை. அதே ஆண்டு செப்டம்பரில் வந்த சந்தேக நபர்கள் சட்டம், பட்டியல் போடவும் கைது செய்யவும் அவற்றுக்கு அதிகாரம் கொடுத்துவிட்டது. ஆங்கிலம் இந்தச் சொல்லை எடுத்துக்கொண்டது அதற்குச் சில ஆண்டுகள் கழித்துத்தான். அந்தப் பயமும் கூடவே வந்தது.

தமிழில் நாம் இதற்குக் ‘கண்காணிப்பு’ என்று எழுதுகிறோம். நல்ல சொல், பழைய சொல். கோயில் காரியங்களை மேற்பார்த்தவர்களைச் சோழர் கல்வெட்டுகள் ‘கண்காணி’ என்கின்றன. இலங்கை, மலாயா தோட்டங்களில் ஆள் சேர்த்து வேலை வாங்கிய கங்காணியும் இந்தச் சொல்தான். கங்காணி கொடுமைக்காரராக இருந்திருக்கலாம். ஆனால் யார் பார்க்கிறார், எதைப் பார்க்கிறார் என்று தொழிலாளிக்குத் தெரியும். கண்காணிப்பு என்ற சொல்லின் அடியில் இந்த வெளிப்படைத்தன்மை இருக்கிறது. தேர்வுக்கூடக் கண்காணிப்பாளர், கடைவாசலில் ‘கண்காணிப்பு கேமரா உள்ளது’ என்ற பலகை, எல்லாம் சரி.

நமக்குத் தெரியாமல் நம் போனுக்குள் நுழைந்து பார்ப்பதற்கு இந்தச் சொல் பொருந்தாது. அதற்கு நம்மிடம் ‘வேவு’ இருக்கிறது. தொல்காப்பியத்தில், பகைவரின் ஆநிரையைக் கவரும் வெட்சிப் போரின் துறைகளைச் சொல்லும் இடத்தில் ‘ஒற்றின் ஆகிய வேயே’ என்று வருகிறது. ஒற்றர் மறைந்திருந்து அறிந்து வரும் செய்தி ‘வேய்’. வேவு அதன் உறவு. கவனித்தால், அங்கே வேய் பார்ப்பது பகைவர் நாட்டில். சொந்தக் குடிமக்களிடம் அல்ல.

போன் ‘டேப்பிங்’குக்கு ‘ஒட்டுக்கேட்பு’ என்பது பத்திரிகைகளில் நிலைத்துவிட்ட சொல். சுவரோடு ஒட்டி நின்று கேட்கும் ஆள் கண்ணுக்கே தெரிகிறார். ஆனால் இன்று பேச்சைக் கேட்பதோடு நிற்பதில்லை. படம், குறுஞ்செய்தி, நாம் இருக்கும் இடம் எல்லாம் போகிறது. ‘கேட்பு’ என்பது அவ்வளவையும் தாங்காது.

சட்டம் பயன்படுத்துவது இன்னொரு சொல்: இடைமறித்தல். 1885-ஆம் ஆண்டுத் தந்திச் சட்டத்தின் 5(2) பிரிவு, பொது அவசரநிலை அல்லது பொதுப் பாதுகாப்பு என்றால்தான் செய்திகளை இடைமறிக்கலாம் என்றது. 1996-இல் உச்ச நீதிமன்றம் அதற்குக் கடிவாளம் போட்டது. உள்துறைச் செயலர் நிலையில் உத்தரவு வேண்டும், இரண்டு மாதம்தான் செல்லும், நீட்டித்தாலும் மொத்தம் ஆறு மாதத்தைத் தாண்டக் கூடாது, ஒரு மறுஆய்வுக் குழு பார்க்க வேண்டும். ஆனால் உத்தரவு போடுபவரும் அதிகாரி, மறுஆய்வு செய்பவர்களும் அதிகாரிகள். நீதிபதி எங்கும் இல்லை. இதை என்னால் ஏற்கவே முடியவில்லை. 2011-இல் மத்திய உள்துறை போட்ட ஓர் ஒட்டுக்கேட்பு உத்தரவைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது 2025 ஜூலையில். குற்றத்தைத் துப்புத் துலக்குவது பொது அவசரநிலை ஆகாது என்றது. பதிவுகள் மறுஆய்வுக் குழுவின் பார்வைக்கே போகவில்லை என்பதும் அந்த வழக்கில்தான் தெரிந்தது. இடையில் 14 ஆண்டுகள்.

மக்கள் அரசை நம்பாததற்குக் காரணம் தேடி அலைய வேண்டாம். 2021-இல் பெகாசஸ் விவகாரம் வெடித்தது. போனுக்குள் தெரியாமல் புகுந்து உளவு பார்ப்பது, அரசுகளுக்கு மட்டுமே விற்கிறோம் என்று இஸ்ரேலிய நிறுவனம் சொன்ன மென்பொருள் அது. வாங்கினீர்களா, இல்லையா என்று உச்ச நீதிமன்றத்தில் கேட்டபோது, தேசப் பாதுகாப்பு என்று சொல்லி மத்திய அரசு நேரான பதில் தர மறுத்தது. நீதிமன்றம் அமைத்த குழு 29 போன்களைச் சோதித்தது. ஐந்தில் ஏதோ தீநிரல் (மால்வேர்) இருந்தது, அது பெகாசஸ்தான் என்று உறுதியாகவில்லை. அரசு ஒத்துழைக்கவில்லை என்று குழு சொன்னதாக 2022 ஆகஸ்டில் தலைமை நீதிபதியே நீதிமன்றத்தில் தெரிவித்தார். இல்லை என்ற ஒற்றைச் சொல் போதுமாயிருந்தது. அது வரவில்லை.

அப்போது தமிழ்ப் பத்திரிகைகள் ‘உளவு மென்பொருள்’ என்று எழுதின. அதுவும் சரியான சொல்தான். ஆகவே, பலகை வைத்துப் பார்த்தால் கண்காணிப்பு, சட்டப்படி உத்தரவு வாங்கிச் செய்தால் இடைமறிப்பு, இரண்டும் இல்லாமல் நம் அந்தரங்கத்துக்குள் புகுந்தால் வேவு அல்லது உளவு என்று எழுதலாம். செய்தி எழுதுபவர்கள் மூன்றாவதற்குப் போய் ‘கண்காணிப்பு’ என்று போட வேண்டாம்.